டிரை பேக்கைத் தொட்டியில் அமுக்கிப் பார்த்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் லாரித் தார்ப்பாய் தைத்து ஒட்டுவது என் தொழில். கேரளக் காயல்களுக்குக் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகு ஓட்டப் போகிற நம்மூர்ப் பிள்ளைகள் சிலர், கொஞ்ச காலமாக டிரை பேக்குகளை, அதாவது சாமான் நனையாமலிருக்க வாயைச் சுருட்டி மூடும் பைகளை, தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். "அண்ணே, உள்ளே தண்ணி வந்துடுச்சு, ஒட்டிக் குடுங்க" என்பார்கள். போனும் கேமராவும் நனைந்த பிறகு ஒட்டி என்ன பயன்? அந்த வருத்தத்தில்தான் எழுதுகிறேன்.

வாங்கும்போதே பையை உள்பக்கம் புரட்டிப் பாருங்கள். தைத்த பை என்றால் ஊசி இறங்கிய இடமெல்லாம் துளைதான். தையல் மேல் டேப் முழுக்க ஒட்டியிருந்தால்தான் தண்ணீர் நிற்கும். பி.வி.சி. துணியைச் சூட்டில் இளக்கிச் சேர்த்த பையில் அந்தத் தொல்லை இல்லை. விலை கூடினாலும் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

பல பைகளில் தண்ணீர் ஏறுவது வாய் வழியாகத்தான். வாயிலுள்ள கெட்டிப் பட்டையைச் சமமாகப் பிடித்து, குறைந்தது 3 சுற்று இறுக்கமாகச் சுருட்டிய பிறகே கிளிப்பை மாட்ட வேண்டும். கழுத்துவரை திணித்தால் சுருட்டத் துணி மிஞ்சாது. மடிப்பில் மணல் இருந்தாலும் போச்சு.

சோதிப்பது சுலபம். காற்றோடு பையைச் சுருட்டி மூடி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்குங்கள். குமிழி வரும் இடத்தில் பேனாவால் வட்டம் போடுங்கள். பொடித் துளை இதில் தப்பிவிடலாம். அதனால் அப்புறம் பாதியளவு தண்ணீர் ஊற்றி மூடி, தலைகீழாகப் பிடித்து வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். கசிவு இருந்தால் முத்து முத்தாகத் தெரியும்.

ஏற்காடு போகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. அடிவாரத்தில் காற்றோடு மூடிய பை, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறியதும் சிப்ஸ் பாக்கெட் மாதிரி உப்பி நிற்க வேண்டும். மேலே காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. உப்பாமல் தொளதொளவென்று கிடந்தால் எங்கோ காற்று போகிறது என்று பொருள். மேலே மூடிக் கீழே கொண்டுவந்தால் நல்ல பையும் சுருங்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஓட்டை சின்னதென்றால் நீங்களே ஒட்டலாம். ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, மூலையை வட்டமாக வெட்டிய ஒட்டுத்துணியை ஓட்டையைச் சுற்றி நன்றாகப் படரும்படி ஒட்டுங்கள். துணிக்கேற்ற பசை முக்கியம். பி.வி.சி.க்கு அதற்கான பசை. சிலிக்கான் பூசிய மெல்லிய நைலான் என்றால் சிலிக்கான் பசை தவிர வேறெதுவும் பிடிக்காது. சைக்கிள் டியூப் பசையைத் தடவிக்கொண்டு வந்து கொடுக்கிறார்கள். அதைச் சுரண்டி எடுப்பதற்குள் துணியின் பூச்சும் சேர்ந்து வந்துவிடுகிறது.

சரியாக மூடிய பைகூடத் தண்ணீர் தெறிப்பதையும், சட்டென்று ஒருமுறை முங்குவதையும் தாங்கும், அவ்வளவுதான். கயாக் கவிழ்ந்து பை வெகுநேரம் அடியில் கிடந்தால் நம்ப முடியாது. போனையும் மருந்தையும் தனியாக இன்னொரு உறையில் போட்டு உள்ளே வையுங்கள். போன் உறையில் ஐ.பி.எக்ஸ். 7 என்று இருந்தால், 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும்படி சோதித்தது என்று அர்த்தம். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளைகளும் இந்தப் பையை நம்பித்தான் தண்ணீரில் இறங்குகிறார்கள்.

வாட்டர் புரூஃப் என்று அச்சடித்து விற்கும் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். கடையில் ஒரு தொட்டித் தண்ணீர் வையுங்கள். வாங்குகிறவர் அமுக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கட்டும். கோடை விடுமுறைக்கு முன் இந்தக் கடிதத்தை வெளியிட்டால் பலருக்கும் உதவும்.

இப்படிக்கு,
தார்ப்பாய் தொழிலாளி ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.