திங்கட்கிழமை வரை காத்திருக்க முடியாத ஊசி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கர்ப்பிணிகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்து கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்றைக் கண்டறிந்த பிறகும், குழந்தைக்குப் போட வேண்டிய முதல் தடுப்பூசி தாமதமாவதை, கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பெரியவர்களுக்கு இத்தொற்று வந்தால் பெரும்பாலும் தானாகவே நீங்கிவிடும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் குழந்தைகளில் 100க்கு 90 பேருக்கோ அது நாள்பட்டுத் தங்கி, பிற்காலத்தில் கல்லீரல் சுருக்கத்துக்கும் புற்றுநோய்க்கும் இடம் கொடுக்கிறது. தாய்க்கு மஞ்சள் காமாலை அறிகுறி எதுவும் இல்லாமலே இவ்வளவும் நடக்கும் என்பதால்தான், பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், தாய்க்குத் தொற்று உறுதியாகியிருந்தால் பிறந்த 12 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு, எதிர்ப்புப் பொருளை நேரடியாகத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும் என்கிறார்கள். வைரஸ் அளவு மிகுந்த தாய்மார்களுக்குக் கடைசி மூன்று மாதங்களில் வைரஸைக் கட்டுப்படுத்தும் டெனோஃபோவிர் மாத்திரையும் தரப்படுகிறது.

நான் பணியில் இருந்தபோது, ஒரு பெண்ணின் தாய்சேய் நல அட்டையில் ரத்த வகைக்குக் கீழே, ஹெபடைடிஸ் பி முடிவு ‘பாசிட்டிவ்’ என்று பென்சிலால் சிறிதாக எழுதியிருந்தது. சனிக்கிழமை இரவு ஒரு தனியார் மருத்துவமனையில் அவருக்குப் பிரசவம் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன், அட்டையில் தடுப்பூசிக் கட்டம் காலியாக இருக்கிறது; மாமியாரோ பவுடர் பால் கரைத்துக்கொண்டிருக்கிறார். ஊசி போட யாருக்கும் தோன்றவில்லை, தாய்ப்பால் கொடுக்கக் கூடாதென்று மட்டும் யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். உண்மையில் இத்தொற்று உள்ள தாய் தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம். அதை அந்தக் குடும்பத்துக்குப் புரியவைக்க அன்று எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

ஒரே குழந்தைக்காகப் பத்துக் குழந்தைகளுக்கான மருந்துக் குப்பியைத் திறப்பதா என்ற தயக்கமும் தாமதத்துக்கு ஒரு காரணம். திறந்த குப்பியை உரிய குளிர்நிலையில் வைத்து 28 நாள் வரை பயன்படுத்தலாம் என்று விதியே இருக்கும்போது, அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

எனவே, பரிசோதனை முடிவை அட்டையின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதவும், விடுமுறை நாளானாலும் பிரசவ அறையிலேயே இந்த ஊசியைப் போடவும், போட்ட நேரத்தை மணிக்கணக்கில் பதியவும், தனியார் மருத்துவமனைகளையும் சேர்த்து, மக்கள் நல்வாழ்வுத் துறை கண்டிப்பான உத்தரவு பிறப்பிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தஞ்சாவூர் மாவட்டம்