கறிக்கடைக்காரர் தனக்கென எடுத்து வைக்கும் துண்டு

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. நியூ ஜெர்சி எடிசனில் புது வீட்டுக்குப் போனது, மகன் விடுமுறைக்கு வரப்போவது, மைனிக்கு முதுகுவலி குறைந்தது எல்லாம் வாசித்துச் சந்தோஷமாக இருந்தது. இங்கே என் வீட்டில் ஏதோ ஒரு தைலத்தின் பக்குவத்தை மைனிக்கென்று தனித்தாளில் எழுதிக்கொண்டிருக்கிறாள், இதோடு வைத்து அனுப்புகிறேன்.

எங்கள் பக்கம் எல்லோரும் சுகம். மகள் டாலஸில் நர்ஸ் வேலையில் சேர்ந்துவிட்டாள். இரவு ஷிஃப்ட்தான் அதிகம். லீவு கிடைத்தால் காரை எடுத்துக்கொண்டு ஹூஸ்டனுக்கு ஓடி வந்துவிடுவாள். அம்மா குளிர்காலம் முழுக்க எங்களோடு இருந்துவிட்டு நாகர்கோவிலுக்குத் திரும்பினாள். இப்போது வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மகன் மாட்டுக்கறி ஸ்டேக் கேட்கிறான், கடைக்குப் போய் விலாப்பக்கத்து ரிப் ஐ விலையைப் பார்த்துவிட்டுக் கோழி வாங்கி வந்தேன் என்று எழுதியிருந்தாய். விலை ஏறியதில் ஆச்சரியமில்லை. டெக்சஸிலும் பக்கத்து மாநிலங்களிலும் வருஷக்கணக்கில் வறட்சி. புல் இல்லாமல் பண்ணைக்காரர்கள் பசுக்களையே விற்றுவிட்டார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க விவசாயத் துறை எடுத்த கணக்கில் நாடு முழுக்க மாடுகள் 8 கோடியே 67 லட்சம்தான். 1951-க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்தது இல்லை. இது ஒரே வருஷத்தில் சரியாகிற காரியமும் இல்லை. ஆனால் அதற்காக மகனுக்கு ஸ்டேக் இல்லை என்று முடிவு கட்டாதே. ரிப் ஐயையும் டெண்டர்லாயினையும் அவற்றை வாங்குகிறவர்களுக்கு விட்டுவிடு. ருசி வேறு இடத்தில் இருக்கிறது. இதை நான் மனதார நம்புகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

மாட்டின் உடம்பில் மிகக் குறைவாக வேலை செய்யும் தசைதான் டெண்டர்லாயின். முதுகெலும்புக்குக் கீழே சும்மா படுத்திருக்கும். அதனால் வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருக்கும், விலையும் அந்த மென்மைக்குத்தான். ஆனால் வாயில் வைத்தால் மாட்டுக்கறியின் ருசி குறைவு. நடக்கிற, மூச்சு இழுக்கிற, பாரம் தாங்குகிற தசைகளில்தான் ருசி கூடுதல். அவற்றில் சில முரட்டு நார்கள் கொண்டவை. அந்த முரட்டுத்தனத்தை நம் கத்தியும் உப்பும் சூடும் சமாளித்துவிடும். ருசியில்லாத துண்டுக்கு ருசி ஏற்றுவதுதான் கஷ்டம்.

ஊரில் நாம் சாப்பிட்ட பீஃபை வைத்து இதை யோசிக்காதே. தமிழ்நாட்டில் 1958-ஆம் வருஷச் சட்டப்படி 10 வயது தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்றோ, காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிவிட்டது என்றோ சான்று பெற்ற மாட்டைத்தான் வெட்டலாம். வயதான மாட்டின் தசையைக் கட்டியிருக்கும் சவ்வு இறுகிப்போயிருக்கும். அதை மணிக்கணக்கில் வேகவைத்து, தேங்காய்க் கொத்தும் மிளகும் போட்டுச் சுருள வறுப்பதுதான் சரியான வழி. நம் ஆட்கள் அதில் கெட்டிக்காரர்கள். இங்கே இறைச்சிக்கென்றே வளர்க்கிற மாடு பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டியே கடைக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் சில நிமிஷச் சூட்டில் சாப்பிடும் பக்குவம் இந்தக் கறிக்குச் சாத்தியமாகிறது.

முதலில் வாங்க வேண்டியது ஃப்ளாட் அயர்ன். முன்கால் சப்பையில், தோள்பட்டை எலும்பின் மேல் படிந்திருக்கும் தசை. அதன் நடுவில் தடித்த சவ்வு ஒன்று நீளவாக்கில் ஓடுகிறது. அதைக் காரணம் காட்டி ரொம்ப காலம் கொத்துக்கறிக்கும் குழம்புக்கும் தள்ளிவிட்டார்கள். 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் நெப்ராஸ்கா, ஃபுளோரிடா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் மாட்டின் முன்சப்பையிலும் பின்தொடையிலும் உள்ள தசைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, எது எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று சோதித்தார்கள். மென்மையில் டெண்டர்லாயினுக்கு அடுத்த இடம் இந்த ஒதுக்கப்பட்ட தசைக்கு! சவ்வின் மேலே ஒரு பலகை, கீழே ஒரு பலகை என்று பிரித்தெடுத்துவிட்டால் குறையே இல்லை. மென்மையும் ருசியும் ஒரே துண்டில் இருப்பது அபூர்வம். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்கு.

அடுத்தது சக் ஐ. கறிக்கூடத்தில் மாட்டை அறுக்கும்போது ஐந்தாவது விலா எலும்புக்கும் ஆறாவதுக்கும் நடுவே ஒரு கோடு போடுகிறார்கள். கோட்டுக்குப் பின்னால் இருப்பது ரிப் ஐ என்ற பெயரில் பெரிய விலைக்குப் போகும். முன்னால் இருப்பது சக், அதாவது கழுத்தும் தோளும் சேர்ந்த பகுதி, விலை இறங்கிவிடும். ஆனால் தசைக்கு அந்தக் கோடு தெரியாதே. அதே தசை சக்குக்குள்ளும் கொஞ்ச தூரம் போகிறது. கோட்டை ஒட்டி வெட்டுகிற முதல் ஓரிரு துண்டுகள் ரிப் ஐக்குச் சொந்தத் தம்பி. மாட்டுக்குச் சில துண்டுகளே தேறும் என்பதால் காலையிலேயே போய்க் கவுண்டரில் கேட்டு வாங்கு. வெள்ளைக் கொழுப்பு இழை இழையாக உள்ளே ஓடுகிறதா என்று பார்த்துக்கொள். ஓரத்தில் கட்டியாக நிற்கிற கொழுப்பு கணக்கில் வராது.

ஹேங்கர் என்று ஒன்று இருக்கிறது, உதரவிதானத்தை ஒட்டித் தொங்கும் தசை. மாட்டுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அந்தக் காலத்துக் கறிக்கடைக்காரர்கள் இதை விற்காமல் வீட்டுக்கு எடுத்துப் போவார்களாம். ஈரலை ஒட்டிய ஒரு கனமான மணம் அதற்கு உண்டு. எனக்கு உயிர், என் வீட்டில் அவ்வளவாகப் பிடிக்காது. பெரிய சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பது சந்தேகம். சொந்தமாக அறுத்து விற்கிற கடையில் சொல்லி வைத்தால் எடுத்துத் தருவார்கள். நடுவில் ஓடுகிற நரம்பை அவர்களையே எடுத்துத் தரச் சொல்.

ஸ்கர்ட்டைப் பற்றி ஹூஸ்டனில் இருந்துகொண்டு எழுதாமல் இருக்க முடியாது. அது உதரவிதானத் தசை. மாடு மூச்சு விடும்போதெல்லாம் வேலை செய்வது. தெற்கு டெக்சஸில் ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டிய பண்ணைகளில், மாடு மேய்த்த மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளிகளுக்குத் தலை, குடல், இந்த உதரவிதானம் என்று முதலாளிக்கு வேண்டாததைக் கூலியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்கள் அதைக் கரித்தணலில் சுட்டு, மெல்லிசாக நறுக்கி, ரொட்டியில் சுருட்டிச் சாப்பிட்டார்கள். 1969-இல் சன்னி ஃபால்கான் என்பவர் கைல் என்ற சின்ன ஊர்த் திருவிழாவில் கடை போட்டு விற்றார். 1973-இல் இங்கே ஹூஸ்டனில், நேவிகேஷன் சாலையில், நின்ஃபா லாரென்சோ என்ற அம்மாள் டார்ட்டியா என்ற மெக்சிகோ ரொட்டி செய்யும் தன் தொழிற்கூடத்தின் முன்புறத்தில் பத்து மேசைகளோடு உணவகம் திறந்தார். கணவரை இழந்தவர், ஐந்து பிள்ளைகள். அவர் கடையில் சுட்ட அந்தக் கறிக்கு ஊரே கூடியது. இன்று உலகமெங்கும் ஃபஹீட்டா என்று விற்கிறார்களே, அதன் வேர் இதுதான். அதன் பிறகு ஸ்கர்ட் மலிவாக இல்லை. தொழிலாளிகள் கண்டுபிடித்த ருசிக்கு மற்றவர்கள் பின்னால் வந்து விலை வைத்தார்கள். இப்போது அது உன் ஊரில் விலை அதிகம் என்றால் பவெட் கேள். ஸர்லாயின் ஃப்ளாப் என்றும் எழுதியிருப்பார்கள். நாரும் ருசியும் ஏறக்குறைய ஸ்கர்ட்டைப் போலவே இருக்கும்.

வாங்கும்போது லேபிளை முழுதாக வாசி. கத்தியாலோ ஊசியாலோ இயந்திரத்தில் குத்தி மென்மையாக்கிய கறி என்றால் 2016 முதல் அதை அட்டையில் எழுதியே ஆக வேண்டும். முழுத் துண்டில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும், சூட்டில் செத்துவிடும். குத்திய கறியில் உள்ளேயும் போயிருக்கலாம். அது நம் காரியத்துக்கு வேண்டாம். தரத்தில் முதலிடமான பிரைம் வரை போகத் தேவையில்லை, அதற்கு அடுத்த சாய்ஸ் போதும்.

இனி சமையல். முந்தைய நாள் இரவே உப்புத் தடவி, மூடாமல், ஒரு கம்பித்தட்டில் வைத்து ஃபிரிட்ஜில் விட்டுவிடு. உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும், அந்த நீரிலேயே கரைந்து திரும்ப உள்ளே போகும். காலையில் பார்த்தால் மேல்தோல் வறண்டு கருத்திருக்கும். அதுதான் வேண்டும். மேலே ஈரம் இருக்கிற வரை சூடு 212 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டாது, கறி வெறுமனே புழுங்கும். அந்தப் பழுப்பு நிறமும் வாசனையும் வர ஏறக்குறைய 280 டிகிரிக்கு மேல் போக வேண்டும். நேரமில்லாவிட்டால் சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் உப்புப் போட்டு, பிறகு நன்றாக ஒற்றியெடு.

ஊரிலிருந்து மைனி கொண்டுவந்த கனமான இரும்புத் தோசைக்கல் இருக்குமே, அது போதும். புதுச் சட்டி வாங்காதே. புகை கிளம்பும் வரை காயவிடு. ஜன்னலைத் திற. சூரியகாந்தி எண்ணெய் கொஞ்சமாகத் தேய்த்துக் கறியைப் போடு. ஒரே ஒரு தடவைதான் திருப்ப வேண்டும் என்று சொல்வார்கள், கேட்காதே. அரை நிமிஷத்துக்கு ஒருமுறை திருப்பினால் உள்ளே சீராக வேகும். சூட்டில் போட்டதும் துளைகள் அடைபட்டுச் சாறு உள்ளேயே நிற்கும் என்பதும் உண்மையில்லை. நாம் அதிகச் சூட்டில் வாட்டுவது அந்தப் பழுப்புக்காகத்தான். மிளகை முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும். இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வெண்ணெய், நசுக்கிய சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இடித்த மிளகு எல்லாம் போட்டு, உருகியதைக் கரண்டியால் கறி மேல் அள்ளி ஊற்று. நம் ஊர் வாசனை அப்போதுதான் எழும்பும். இதற்கு மேல் மசாலா எதுவும் ஃப்ளாட் அயர்னுக்கும் சக் ஐக்கும் வேண்டாம். ஸ்கர்ட்டுக்கு மட்டும் எலுமிச்சை, பூண்டு, பச்சை மிளகாய் சேர்த்து ஒரு மணி நேரம் ஊறவிடலாம். ரொம்ப நேரம் ஊறினால் மேலே கொழகொழத்துவிடும். பப்பாளிக்காய் அரைத்துப் போடுகிற பழக்கம் இதில் கூடவே கூடாது.

ஒரு நல்ல தெர்மாமீட்டர் வாங்கு. இதில் மட்டும் காசு பார்க்காதே. நடுவில் குத்திப் பார்த்து 125 முதல் 130 டிகிரியில் இறக்கினால் உள்ளே சிவந்து சாறோடு இருக்கும். 140-க்குப் போனால் இளஞ்சிவப்பு. அரசு சொல்கிற பாதுகாப்புக் கணக்கு 145 டிகிரி, அப்புறம் மூன்று நிமிஷம் ஆறவிடுவது. வயதானவர்களோ கர்ப்பிணிகளோ சாப்பிட உட்கார்ந்தால் அதையே பின்பற்று. சக் ஐயில் கொழுப்பு இருப்பதால் அந்தச் சூட்டிலும் நன்றாகவே இருக்கும். கொத்துக்கறி என்றால் 160-க்குக் குறையவே கூடாது. மைனி தட்டில் சிவப்புத் தண்ணீரைப் பார்த்து ரத்தம் என்று முகம் சுளிக்கலாம். அது ரத்தமில்லை, தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை, இருந்தாலும் நன்றாக வெந்த ஓரத்துண்டுகளைக் கேட்டு வாங்கி ரசச்சோற்றோடு சாப்பிட்டாள். உண்மையில் அது அருமையான சேர்க்கை. மிளகு ரசமாக இருந்தால் இன்னும் நல்லது.

இறக்கியபின் ஐந்து நிமிஷம் விட்டுவிட்டு நறுக்கு. இந்த நறுக்குகிற இடத்தில்தான் மலிவான துண்டு தப்புவதும் கெடுவதும். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் பார். ஈர்க்கு அடுக்கியது போலத் தெளிவாகத் தெரியும். அதற்குக் குறுக்கே, மெல்லிசாக நறுக்கு. நீள நாரைப் பல்லால் அறுக்கிற வேலையை முன்கூட்டியே கத்தி செய்துவிடுகிறது. ஸ்கர்ட்டில் ஒரு சிக்கல் உண்டு. துண்டு நீளமாக இருக்கும், நாரோ அகலவாக்கில் ஓடும். அதை முதலில் நாரோடு சேர்த்து விரல் நீளத் துண்டுகளாக வெட்டு, பிறகு ஒவ்வொன்றையும் திருப்பி வைத்து நாருக்குக் குறுக்கே நறுக்கு. ஃப்ளாங்க் என்ற அடிவயிற்றுத் தசையை வாங்கினாலும் நார் ஓடும் திசையைப் பார்த்துக் குறுக்கே நறுக்கு. அதை அதிகம் வேகவிட்டால் தோல் மாதிரி ஆகிவிடும், யாரும் காப்பாற்ற முடியாது.

உன் மகன் சின்ன வயதில் என் வீட்டில் பீஃப் வறுவலுக்குச் சண்டை போட்டவன். இப்போது சமைக்கக் கற்றுக்கொள்கிற வயது. நீ செய்து பரிமாறுவதைவிட, அவனை அடுப்பு முன்னால் நிறுத்தித் தெர்மாமீட்டரைக் கையில் கொடு. நர்ஸ் வேலைக்குப் போன என் மகள் தனியாக இருக்கிற வீட்டில் இதைச் செய்து போட்டோ அனுப்புகிறாள். நல்ல சாப்பாடு சாப்பிடுகிறாள் என்று தெரிந்தால் நமக்கும் நிம்மதிதானே.

ஈஸ்டருக்கு எல்லோரும் இங்கே வருவதாகப் பேச்சு இருந்ததே, டிக்கெட் போட்டாயிற்றா? எங்கள் பக்கத்து மெக்சிகோக்காரர் கறிக்கடையில் ஹேங்கருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். தேதி தெரிந்தால் உடனே எழுது. வரும்போது ஊர் மிளகு மிச்சமிருந்தால் கொஞ்சம் எடுத்து வா, இங்கே தீர்ந்துவிட்டது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்