விவாதத்தை விட்டுப் போகாதே, மச்சான்

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முதலில் நம் ஃபேன்டஸி லீக் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன், பிரீமியர் லீக்கின் நிஜ வீரர்களை வைத்து அணி கட்டி, அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி எண்ணும் நம் விளையாட்டைத்தான் சொல்கிறேன். இல்லாவிட்டால் நான் எழுதும் வேறெதுவும் உன் மண்டையில் ஏறாது.

போன வாரம் உன் அணி என்னிடம் தோற்றதற்கு அதிர்ஷ்டத்தைக் குறை சொல்லியிருக்கிறாய். காரணம் உன் பெஞ்ச்தான்டா. கோலுக்கு 6, எதிரணிக்குக் கோலே விடாத கிளீன் ஷீட்டுக்கு 4, 60 நிமிடம் ஆடியதற்கு 2 என்று 12 புள்ளி எடுத்த டிஃபெண்டரை வெளியே உட்கார வைத்திருந்தாய். அதோடு, இருந்த ஒரு ஃப்ரீ டிரான்ஸ்ஃபர் போதாதென்று கூடுதலாக இரண்டு பேரை மாற்றி 8 புள்ளியை அபராதமாகக் கையிலிருந்து கொடுத்தாய். யாருக்காக? முந்தின வாரம் இரண்டு கோல் அடித்தான் என்ற ஒரே காரணத்துக்காக நீ துரத்திப் பிடித்த ஒரு ஸ்ட்ரைக்கருக்காக. 2022-23இல் ஹாலண்ட் 36 கோல் போட்ட சீசனில்கூட அவருக்கு இரட்டைப் புள்ளி தரும் கேப்டன் பட்டை கட்ட யோசித்த ஆள் நீ. 2024-25இல் சலா 344 புள்ளி எடுத்தபோது, விலை அதிகம் என்று அவரைப் பாதியில் விற்றவனும் நீயே. அடுத்த வாரமும் இப்படியே ஆடு, எனக்கு ஆட்சேபணை இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். “தடுப்பூசி பற்றி இனி குழுவில் வாயே திறக்கப்போவதில்லை, கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை” என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. நீ களைத்துப் போயிருப்பது புரிகிறது. இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து ஒரு பொய்க்கு நாலு பத்தி பதில் எழுதினால், காலையில் அதே பொய் வேறு படத்தோடு வந்து நிற்கிறது. ஆனாலும் நீ விலகுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் குழுவில் பேசுகிறவர்கள் நாலைந்து பேர்தான். மற்றவர்களெல்லாம் படிக்கிறார்கள். பதில் போடுவதில்லை, கட்டைவிரல்கூடக் காட்டுவதில்லை, ஆனால் எல்லாவற்றையும் படிக்கிறார்கள். நீ எழுதுவது அந்தப் பொய்களைப் போடும் சீனியர் அண்ணனுக்கு என்று நினைத்தால் அலுப்புதான் வரும். அவர் மாறமாட்டார். நீ எழுதுவது அந்த மற்றவர்களுக்கு.

டென்மார்க் வீரர் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே விழுந்ததைத் தடுப்பூசியோடு முடிச்சுப் போட்டு அண்ணன் போட்ட வீடியோவையே எடுத்துக்கொள். எனக்கு அதில்தான் அதிகக் கோபம், ஏனென்றால் அந்த ஆட்டத்தை நாம் இருவரும் நேரலையில் பார்த்தோம். 2021 ஜூன் 12, கோபன்ஹேகன், டென்மார்க்கும் பின்லாந்தும். முதல் பாதி முடிய சில நிமிடங்கள் இருக்கும்போது, த்ரோ-இன் வாங்க வந்த மனிதர் அப்படியே சரிந்தார். கேப்டன் கியாரும் மற்ற வீரர்களும் சுற்றி நின்று கேமராவை மறைத்ததும், உள்ளே மார்பை அழுத்திக்கொண்டிருந்ததும் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவர் விழுந்த கொஞ்ச நேரத்திலேயே “ஊசி போட்டுக்கொண்டார், அதுதான்” என்ற செய்தி கிளம்பிவிட்டது. அவருடைய அப்போதைய கிளப்பான இன்டர் மிலானின் இயக்குநராக இருந்த மரோட்டா, எரிக்சனுக்குக் கொரோனா வரவும் இல்லை, அவர் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ளவும் இல்லை என்று உடனே சொல்லிவிட்டார். அந்த மறுப்பு வந்து வருடங்கள் ஆகின்றன. வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அண்ணன் அதோடு ஒரு பட்டியலும் போட்டார், “திடீரென்று விழுந்த வீரர்கள்” என்று. “முன்பெல்லாம் இப்படி நடந்ததுண்டா?” என்பது அவர் கேள்வி. கால்பந்து பார்க்கிற நாம் அதற்குப் பதில் சொல்லாமல் வேறு யார் சொல்வது? 2003இல் லியோனில் மார்க்-விவியன் ஃபோ, கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதியில், 28 வயது. 2004 ஜனவரியில் பென்ஃபிகாவின் மிக்லோஷ் ஃபெஹேர், மஞ்சள் அட்டை வாங்கிச் சிரித்துக்கொண்டே குனிந்தவர், 24 வயது. 2007இல் செவியாவின் அன்டோனியோ புயேர்டா, 22 வயது. மூவரும் ஆட்டத்தில் விழுந்தவர்கள், பிழைக்கவில்லை. 2012இல் டாட்டன்ஹாம் மைதானத்தில் முவாம்பா. அவர் இதயம் 78 நிமிடம் நின்றுபோயிருந்தது, பிழைத்தார். கோவிட்-19 நோயோ அதற்கான ஊசியோ இல்லாத காலம் அது. பெரும்பாலும் பிறவியிலேயே இதயத் தசையிலோ மின்னோட்டத்திலோ இருக்கும் கோளாறு, கடுமையாக ஓடும்போது வெளிப்படுகிறது. அதற்காகத்தான் வீரர்களுக்கு ஈசிஜி பரிசோதனை, அதற்காகத்தான் மைதான ஓரத்தில் டீஃபிப்ரிலேட்டர், மின் அதிர்ச்சி கொடுத்து இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி. எரிக்சன் பிழைத்ததும் அதனால்தான். மார்புக்குள் கருவி பொருத்திக்கொண்டு பிரென்ட்ஃபோர்ட் கிளப்பில் ஆட வந்தார், 2024 யூரோவில் ஸ்லோவேனியாவுக்கு எதிராகக் கோலும் அடித்தார். இவ்வளவையும் நீ மூச்சு விடாமல் சொல்லக்கூடியவன். ஆனால் குழுவில் நீ எழுதியது ஒரே வரி: “படித்தவர் பேசுகிற பேச்சா இது?” அந்த வரியால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை, மச்சான்.

அடுத்தது அந்தச் சதவீதக் கணக்கு. “தட்டம்மை வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊசி போட்டவர்கள், பிறகெதற்கு ஊசி?” இதற்கு நீ கோபப்பட்டாய். நான் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். 1000 குழந்தைகள் இருக்கும் பள்ளி என்று வைத்துக்கொள். 990 பேர் இரண்டு தவணையும் போட்டவர்கள், 10 பேர் போடாதவர்கள். தட்டம்மை உள்ளே நுழைகிறது. பாதுகாப்பு இல்லாதவர்களில் பத்துக்கு ஒன்பது பேரைப் பிடிக்கும் நோய் அது, ஆகவே 9 பேர். இரண்டு தவணை ஊசி ஏறக்குறைய 97 சதவீதம் காக்கும். மிச்சம் 3 சதவீதம் பேருக்கும் நோய் வந்துவிட்டது என்றே வைத்தாலும் 990இல் 30 பேர். ஆக நோயாளிகள் 39, அதில் 30 பேர் ஊசி போட்டவர்கள். முக்கால்வாசி! சொன்ன எண் பொய்யில்லை. ஆனால் 10 பேரில் 9, 990 பேரில் 30 என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் எந்தப் பக்கம் நிற்பது என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நம் லீக்கிலும் இதே தவறைத்தான் நீ செய்கிறாய். 38 ஆட்டமும் ஆடியவனின் மொத்தப் புள்ளியையும், பத்து ஆட்டம் மட்டும் ஆடியவனின் மொத்தப் புள்ளியையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்துவிட்டுக் கையிலிருந்தவனை விற்கிறாய். எத்தனை ஆட்டத்தில் எத்தனை என்று கேட்பதே இல்லை.

தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற பேச்சைப் பற்றி அதிகம் எழுதவேண்டியதில்லை. அந்தப் பேச்சைக் கிளப்பிய மருத்துவர் வேக்ஃபீல்டின் 1998 கட்டுரையில் இருந்தது வெறும் 12 குழந்தைகள். தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குப் போடத் தயாரான வழக்கறிஞரிடம் அவர் பணம் வாங்கியதை பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் வெளியே கொண்டுவந்தார். 2010இல் லான்செட் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவர் பதிவும் அதே வருடம் போயிற்று. 2019இல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளின் பதிவுகளை வைத்துப் பார்த்தார்கள். எம்எம்ஆர் போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடவில்லை. 12 எங்கே, ஆறரை லட்சம் எங்கே.

ஒரு இடத்தில் மட்டும் நான் உன்னோடு சண்டை போடத்தான் வேண்டும். “தடுப்பூசியால் ஒன்றுமே ஆகாது” என்று எழுதினாய் பார், அது தவறு. எம்ஆர்என்ஏ வகைக் கொரோனா ஊசிக்குப் பிறகு, குறிப்பாக இரண்டாம் தவணைக்குப் பிறகு, இளவயது ஆண்களில் அரிதாகச் சிலருக்கு இதயத் தசையில் அழற்சி வந்தது உண்மை. அதை மருத்துவ உலகமே சொல்லிவிட்டது. நீ அதை மறைத்தால், அண்ணன் அந்த ஒரு உண்மையைக் காட்டி மற்ற பொய்களையெல்லாம் விற்றுவிடுவார். நாமே முதலில் சொல்லிவிடவேண்டும். அமெரிக்காவில் 1998இல் ரோட்டாஷீல்ட் என்ற வயிற்றுப்போக்குத் தடுப்பு மருந்து வந்தது. குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் கோளாறு சில குழந்தைகளுக்கு வந்ததை அங்கே இருக்கும் பக்கவிளைவுப் புகார்ப் பதிவேடு காட்டிக்கொடுத்தது. ஓராண்டுக்குள் நிறுத்தச் சொன்னார்கள், 1999 அக்டோபரில் சந்தையை விட்டே போயிற்று. பின்னால் வந்த இரண்டு ரோட்டா மருந்துகளையும் ஒவ்வொன்றும் 60,000க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்த பிறகே அனுமதித்தார்கள். அண்ணன் “இத்தனை ஆயிரம் சாவு” என்று எண்ணிக்கை எடுத்துப் போடுகிறாரே, அது இதே பதிவேட்டிலிருந்துதான். அதில் யார் வேண்டுமானாலும், எதை வேண்டுமானாலும் புகாராகப் பதியலாம்; புகார் வந்தால் விசாரிக்கவேண்டும் என்று அர்த்தம், ஊசிதான் காரணம் என்று அர்த்தமில்லை. இதை நிதானமாக விளக்கினால் கேட்கிறவர்களுக்கு நம்பிக்கை கூடும். ஒளித்துவைத்தால் போய்விடும்.

இப்போது நம் வகுப்புத் தோழி விஷயம். அவள் கேட்டது நினைவிருக்கிறதா? “பாப்பாவுக்கு ஒரு வயசு ஆகிறது, எம்எம்ஆர் போடச் சொல்லியிருக்கிறார்கள், இதையெல்லாம் படித்தால் பயமாக இருக்கிறது.” அவ்வளவுதான் கேட்டாள். நீ அவளையும் அண்ணனையும் ஒரே தட்டில் வைத்து, “முட்டாள்தனத்துக்கு அளவே இல்லையா” என்று எழுதினாய். அதன் பிறகு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது. பயத்தைப் பரப்புகிறவர் வேறு, பயப்படுகிறவள் வேறு.

அலி மாவ் மாலின் கதையை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? சோமாலியாவில் மெர்க்கா என்ற ஊரில் ஆஸ்பத்திரிச் சமையல்காரர். ஊசி வலிக்கும் என்று பயந்து பெரியம்மைத் தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல் நழுவிவிட்டார். 1977 அக்டோபரில் பெரியம்மை வந்த நோயாளிகளை ஏற்றிவந்த வண்டிக்கு வழிகாட்டச் சில நிமிடம் கூடப் போனார், தொற்றிக்கொண்டது. இயற்கையாகப் பரவிய பெரியம்மையில் உலகத்திலேயே கடைசி நோயாளி அவர்தான். பிழைத்தார். 1980இல் பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பிற்காலத்தில் அவரே போலியோ ஒழிப்பு வேலையில் சேர்ந்து, சொட்டு மருந்துக்குத் தயங்கும் தாய்மார்களிடம் தன் கதையைச் சொல்லிச் சம்மதிக்க வைத்தார். 2013இல் சாகும்வரை அந்த வேலையில்தான் இருந்தார். பயந்து நழுவிய மனிதரை அன்று யாராவது முட்டாள் என்று துரத்தியிருந்தால் இந்த ஆள் கிடைத்திருப்பாரா, சொல்.

அதனால் நீ செய்யவேண்டியது இது. அவளுக்கான பதிலைக் குழுவில் எழுதாதே, அவளைத் தொலைபேசியில் கூப்பிடு. முதலில் அவள் பயத்தை முழுசாகச் சொல்லவிடு, குறுக்கே பேசாதே. ஊசி போட்டு ஏழு முதல் பன்னிரண்டு நாளுக்குள் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும், லேசான தடிப்பும் வரலாம், தானாகச் சரியாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. 3000, 4000 குழந்தைகளில் ஒன்றுக்குக் காய்ச்சல் வலிப்பு வரக்கூடும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் பின்விளைவு விடாது. அதையும் மறைக்காதே. தட்டம்மையே வந்தால் 20 குழந்தைகளில் ஒன்றுக்கு நிமோனியா, 1000இல் ஒன்றுக்கு மூளை வீக்கம். இரண்டையும் பக்கத்தில் வைத்து அவளே முடிவு செய்யட்டும். குழந்தைக்கு எதிர்ப்புச் சக்திக் குறைபாடோ முன்பு கடுமையான ஒவ்வாமையோ இருந்திருந்தால் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லச் சொல். ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படத் தொடங்குவதும் இந்த ஊசி போடுவதும் ஏறக்குறைய ஒரே வயதில் வருகின்றன, அதனால்தான் இத்தனை பேருக்கு அந்தச் சந்தேகம் என்பதையும் எடுத்துச் சொல். சந்தேகப்பட்டதற்காக அவள் வெட்கப்படவேண்டியதில்லை.

அண்ணனுடைய பட்டியலுக்கும் சதவீதத்துக்கும் நான் குழுவில் பதில் எழுதிவிடுகிறேன், அது என் பொறுப்பு. ஃபோ, முவாம்பா பற்றிய பகுதியை நீ ஒருமுறை சரிபார்த்துக் கொடு, கால்பந்து வரலாற்றில் உன் ஞாபகசக்தி என்னுடையதைவிட நல்லது. பாப்பாவுக்கு ஊசி போடும் தேதி திங்கட்கிழமையாம். அதற்குள் கூப்பிட்டுவிடு.

அன்புடன்,
உன் மச்சான்