இமேஜ் மட்டும் போதாது, ஸ்கிரிப்டையும் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சதுல இருந்து ஸ்கூல் லேப்ல கெடக்குற பழைய கம்ப்யூட்டர என்ன பண்றதுன்னு கேட்டா எல்லாரும் லினக்ஸ் போடுங்கன்றாங்க, சரிதான், நானும் அந்தக் கட்சிதான். ஆனா யாரோ செஞ்ச ஐஎஸ்ஓவ (மொத்த சிஸ்டத்தையும் ஒரே ஃபைலா அடைச்சது, இமேஜ்னும் சொல்லுவாங்க) பென்டிரைவ்ல வாங்கிட்டு வந்து லேப் முழுக்க ஏத்திட்டா மட்டும் ஆச்சா? எங்க பக்கத்துல ஒரு ஸ்கூல்ல அப்படித்தான் ஏத்துனாங்க, இப்ப அதுக்குள்ள என்ன இருக்குன்னே யாருக்கும் தெரியல, செஞ்சு குடுத்தவரு போன் எடுக்கறதில்ல.

இமேஜ் செய்யறது பெரிய வித்தையெல்லாம் இல்லீங்க, ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கமாண்டுகள வரிசையா எழுதி வச்ச ஃபைல், நூறு வரி வந்தாலே ஜாஸ்தி. டெபூட்ஸ்ட்ராப்னு ஒரு கமாண்ட் டெபியன் 13ஓட (டெபியன் லினக்ஸ்ல ஒரு வகை) அடிப்படை சிஸ்டத்த ஒரு ஃபோல்டர்ல எறக்கிடும், அப்புறம் சி-ரூட் பண்ணி (அந்த ஃபோல்டரையே முழு சிஸ்டமா நெனச்சு) அதுக்குள்ள போய் கெர்னல் (சிஸ்டத்தோட மையம்), பென்டிரைவ்ல இருந்தே ஓட லைவ்-பூட், டெஸ்க்டாப்புக்கு எக்ஸ்எஃப்சிஇ, லிப்ரே ஆபீஸ், சின்னப் பசங்களுக்கு டக்ஸ் பெயின்ட், தமிழ் ஃபான்ட், தமிழ்99 கீபோர்டுல அடிக்க ஐபஸ்னு எல்லாத்தையும் ஏப்ட்ங்கற இன்ஸ்டால் கமாண்ட்ல போட்டுட்டு, வெளிய வந்து மொத்தத்தையும் ஸ்குவாஷ்எஃப்எஸ்ங்கற ஒரே ஃபைலா அமுக்கி பூட் ஆகற ஐஎஸ்ஓவா கட்டிட வேண்டியதுதான். (32 பிட் மெஷின்னா டெபியன் 12தான், 13ல அதுக்கு கெர்னல் கெடையாது.)

ரெண்டு எடத்துல மட்டும் உஷாரா இருக்கணும். உள்ள போறதுக்கு முன்னாடி நம்ம மெஷினோட டெவ், ப்ராக் (ஹார்டுவேர், ஓடற புரோகிராம் விவரம் இருக்கற சிஸ்டம் ஃபோல்டருங்க) எல்லாத்தையும் அந்த ஃபோல்டர்ல மவுன்ட் பண்ணுவோம், அதாவது இணைச்சு வைப்போம், அன்மவுன்ட் பண்ணாம ஃபோல்டர ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் அடிச்சு அழிச்சா நம்ம மெஷினோட டெவ்வே காலி, அதனால ஸ்கிரிப்ட்ல மேலயே செட் மைனஸ் ஈ (தப்பு வந்தா ஸ்கிரிப்ட் அங்கயே நின்னுடும்), அதுக்கு அடுத்து ஸ்கிரிப்ட் எங்க நின்னாலும் அன்மவுன்ட் பண்ற மாதிரி ட்ராப்னு ஒரு வரி. இன்னொண்ணு மெஷின்-ஐடி ஃபைல் (ஒவ்வொரு மெஷினுக்கும் உள்ள தனி அடையாள எண்), அமுக்கறதுக்கு முன்னாடி அத காலி பண்ணலன்னா லேப்ல எல்லா மெஷினும் ஒரே ஐடியோட எந்திரிக்கும், சில செட்டப்ல ரவுட்டர் ரெண்டு மூணு மெஷினுக்கு ஒரே ஐபிய (நெட்வொர்க் முகவரி) குடுத்துத் தொலைக்கும். தூரத்துல இருந்து மெஷினுக்குள்ள நுழைய உதவற எஸ்எஸ்எச்சோட கீயும் அதே கததான்.

இந்த மாதிரி விஷயமெல்லாம் ஐஎஸ்ஓவ பாத்தா தெரியாது, ஸ்கிரிப்ட படிச்சாத்தான் தெரியும். கேரளால அரசோட கைட் அமைப்பு உபுண்டுங்கற லினக்ஸ வச்சு பள்ளிகளுக்குன்னே ஒரு லினக்ஸ் பல வருஷமா குடுத்துட்டு வருது, நம்ம பக்கம் மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் செஞ்ச பாஸ் லினக்ஸும் டெபியன்ல வந்ததுதான், ஆக பள்ளிக்குன்னு தனியா செய்யறது ஒண்ணும் புதுசில்ல. நம்ம கல்வித் துறை லேப்புக்கு லினக்ஸ் வாங்குனா டெண்டர்ல ஒரு வரி சேக்கட்டும், இமேஜ செஞ்ச ஸ்கிரிப்டும் கூட வரணும், ஸ்கூல்ல ஒரு வாத்தியாரு ஓட்டிப் பாத்தாலும் அதே சிஸ்டம் வரணும்னு. பேக்கேஜெல்லாம் (உள்ள போட்ட சாஃப்ட்வேருங்க) மாறிப்போச்சு சார்னு சாக்கு சொல்லவும் வழியில்ல, டெபியனோட ஸ்னாப்ஷாட் சர்வர்ல பழைய தேதிய குடுத்தா அன்னைக்கு இருந்த பேக்கேஜே எறங்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்