ஜான் ஹட்சனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி ஜான்,

1783 டிசம்பர்ல லண்டன் ஓல்டு பெய்லி கோர்ட்ல, திருட்டு வழக்குல உன்கிட்ட கேட்ட கேள்வியும் நீ சொன்ன பதிலும் இன்னைக்கும் பதிவுல அப்படியே இருக்கு. வயசு என்னன்னு கேக்குறாங்க, ஒன்பது நடக்குதுங்குற. என்ன தொழில்? ஒண்ணும் இல்ல, எப்பவாவது புகைக்கூண்டு சுத்தம் பண்ணுவேன். அப்பா அம்மா? செத்துட்டாங்க. எப்போ? தெரியாது. அதுக்கு மேல படிக்க முடியாம மூடி வச்சுட்டேன்டா, மறுநாள்தான் மிச்சத்தைப் படிச்சேன். எங்க தெருவுல உன் வயசுப் பசங்க நாலாங்கிளாஸ் போறாங்க.

ஒரு வீட்டுல புகுந்து நீ எடுத்ததா அவங்க சொன்னது ஒரு சட்டை, கொஞ்சம் பட்டு ஸ்டாக்கிங்ஸ், ரெண்டு ஏப்ரன், ஒரு துப்பாக்கி. உன் கால்ல இருந்த கரி அந்த வீட்டுல பதிஞ்சிருந்துச்சு, அதுவே சாட்சி ஆயிருச்சு.

நீதிபதி கல்நெஞ்சக்காரர் இல்ல, அதான் எனக்கு மனசே ஆறல. இந்த மாதிரி பையனை அழிவுலேர்ந்து எப்படியாவது காப்பாத்தணும், விட்டா பழைய வாழ்க்கைக்கே போயிருவான், வீடு புகுந்து திருட சின்னப் பசங்களை அனுப்புற கெட்டவங்க கையில சிக்கிருவான்னு அவரே சொல்றார், சொல்லிட்டு ஏழு வருஷம் நாடு கடத்தணும்னு தீர்ப்பு. உன்னை அனுப்புனவங்க யாருன்னு யாரும் தேடுன மாதிரி தெரியல, உன்னைத்தான் கடல் தாண்டி அனுப்பணுமாம்.

முதல்ல அமெரிக்காவுக்குன்னு 1784ல மெர்குரி கப்பல்ல ஏத்துனாங்க, நடுவழியில கைதிகள் கப்பலையே புடிச்சு இங்கிலாந்து கரைக்குத் திருப்பிட்டாங்க, நீயும் திரும்ப மாட்டிக்கிட்ட. அப்புறம் பிளிமத்ல டன்கர்க்னு ஒரு பழைய கப்பல், அதையே ஜெயிலா மாத்தி வச்சிருந்தாங்க, அதுல வருஷக்கணக்கா பெரிய ஆளுங்களோட கிடந்த. 1787 மே 13ல பதினோரு கப்பல் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்புச்சு, நீ ஃப்ரெண்ட்ஷிப்ல. எட்டு மாசம் கடல்ல. சிட்னியில இறங்குறப்போ உனக்குப் பதிமூணு வயசு.

உனக்கு அப்புறமும் நிறுத்தலப்பா. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியா தீவுல, போர்ட் ஆர்தர்ங்குற கைதிகள் முகாமுக்கு எதிர்த்தாப்ல பாயின்ட் பியூர்னு ஒரு இடம், 1834லேர்ந்து 1849 வரை பையன்களுக்குன்னே தனி ஜெயில், சுமார் 3000 பேர், அதுல ஒன்பது வயசுப் பிள்ளைங்களும் உண்டு. அங்க தச்சு வேலை, செருப்புத் தைக்கிறது, கல் கொத்துறதுன்னு ஏதோ கத்துக் கொடுத்தாங்க. உனக்கு அதுகூட கிடைக்கல.

1790ல உன்னை சிட்னியிலேர்ந்து பசிபிக் கடல்ல இருக்குற நார்ஃபோக் தீவுக்கு அனுப்புறாங்க. அடுத்த வருஷம் பிப்ரவரியில, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல குடிசைக்கு வெளிய இருந்தேன்னு உனக்கு 50 கசையடி. தீர்ப்பு வந்த நாள்லேர்ந்து எண்ணிப் பாரு தம்பி, உன் ஏழு வருஷம் 1790 டிசம்பரோட முடிஞ்சு போச்சு. அப்போ எந்தத் தண்டனையில இருக்கேன்னு உன்னை அடிச்சாங்க? அந்தத் தீவுல ஒரு அதிகாரியாவது அந்தக் கணக்கைப் போட்டுப் பாத்திருக்கணும்.

அன்புடன்,
உன் அக்கா