"பால் பத்தலையா?" என்று கேட்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 34 ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் பேத்தி பிறந்தபோது எடை 2,900 கிராம். 14ஆம் நாள் 2,840. 21ஆம் நாள் 2,870. பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் எட்டிவிட வேண்டும், பிறகு முதல் மூன்று மாதம் நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும் என்றார்கள். எங்கள் குழந்தை ஒரு வாரம் முழுக்க ஏறியதே 30 கிராம்தான்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "பால் பத்தலையா?" அதைக் கேட்கும்போதெல்லாம் என் மருமகள் முகம் சுருங்கும். நானும் கேட்டவன்தான், மறைப்பானேன்? பால்மாவு டப்பா வாங்கி வந்ததும் நானே.

அதைத் திறக்கும் முன் மருமகள் தாய்ப்பால் ஆலோசனை சொல்லும் செவிலியர் ஒருவரிடம் போனாள். அவர் முதலில் விசாரித்தது தராசைப் பற்றி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. 14ஆம் நாள் சட்டையும் துணிச் சுற்றுமாக ஒரு தராசில். 21ஆம் நாள் வெற்றுடம்போடு வேறொரு தராசில். இதில் ஒன்றை இன்னொன்றிலிருந்து கழித்து விடை கண்டிருக்கிறேன்! அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் இப்படிச் செய்திருந்தால் சத்தம் போட்டிருப்பேன்.

அதற்காகப் பிரச்சினையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. செவிலியர் ஒரு வேளை பாலூட்டுவதை முழுக்க உட்கார்ந்து பார்த்தார். அதுவரை யாரும் பார்த்ததில்லை. எடை பார்த்த இடங்களில் எடையை எழுதி அட்டையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். குழந்தை காம்பின் நுனியை மட்டும் பிடித்து ஐந்து நிமிடம் சப்பிவிட்டுத் தூங்கிப் போயிருக்கிறது. விழுங்கும் சத்தமே கேட்கவில்லையாம். வாயை நன்றாகத் திறக்கும்வரை காத்திருந்து, மோவாய் மார்பில் பதிய, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போகும்படி அணைக்கக் காட்டிக் கொடுத்தார். கண் சொருகினால் மார்பை மெல்ல அழுத்திக் கொடுக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை, இரவிலும் விடாமல். கொடுத்து முடித்ததும் மிச்சப் பாலைப் பீய்ச்சி ஸ்பூனில் புகட்ட வேண்டும். பால் வெளியேற வெளியேறத்தான் ஊறும். தேங்கினால் ஊறுவது குறையும். குழந்தையைப் புட்டிக்கு மாற்றிவிட்டு மார்பை அப்படியே விட்டிருந்தால், இருந்த பாலும் குறைந்திருக்கும். என் டப்பா அந்த வேலையைத்தான் செய்திருக்கும்.

குழந்தைநல மருத்துவரும் சோதித்தார். நாக்கின் அடிச்சவ்வு இறுகி அசைய விடாமல் பிடிக்கும் நாக்கு ஒட்டு இல்லை, தொற்றும் இல்லை. சிறுநீர் குறைந்தாலோ, பாலுக்குக்கூட எழாமல் சோர்ந்து கிடந்தாலோ உடனே தூக்கி வரச் சொன்னார். சில குழந்தைகளுக்குப் பால்மாவும் தேவைப்படலாம். மருத்துவர் சொன்னால் கொடுக்க வேண்டியதுதான், அதில் தாய்க்கு என்ன குறை?

அப்புறம் சமையல் என் மகன் கைக்குப் போனது, துணி துவைப்பது என் கைக்கு வந்தது. ஒரு நோட்டும் போட்டேன்: பால் கொடுத்த நேரம், சிறுநீரில் நனைந்த துணி. நாளுக்குக் குறைந்தது ஆறு துணி நனைய வேண்டும். முதல் நாள் ஐந்து, நான்காம் நாள் எட்டு. அன்று நான் இரண்டு தடவை எண்ணிப் பார்த்ததை வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். எடை இப்போது அதே தராசில், வெற்றுடம்போடு, வாரம் ஒரு முறை. அடுத்த மூன்று வாரங்களில் ஏறியது 110, 190, 210 கிராம்.

குழந்தைகளுக்கு எடை பார்க்கும் இடங்களை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண் குறைவாக வந்தால், அந்தத் தாயை அனுப்பும் முன் அவர் பாலூட்டுவதை ஒரு வேளை உட்கார்ந்து பார்க்க ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். அரை மணி நேரம் ஆகும். எங்களுக்கு அது மூன்று வாரம் கழித்துக் கிடைத்தது. முதல் வாரத்திலேயே கிடைத்திருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு தாத்தா