பழைய இசைப் பாட வட்டுகளை எறியாதீர்கள்: மொரீஷியஸ் கோவில் இசை வகுப்பு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். போர்ட் லூயி, ரோஸ் ஹில், காத்ர் போர்ன் என்று இந்தத் தீவெங்கும் கோவில் மண்டபங்களிலும் மாலைப் பள்ளிகளிலும் நம் பிள்ளைகள் பாட்டும் வீணையும் மிருதங்கமும் கற்க இடம் கொடுத்து வருகிறீர்கள். உங்கள் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன். எங்கள் வகுப்பின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. பெற்றோரில் ஒருத்தியாகவும் பேசுகிறேன்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. நம் வகுப்புகளில் உள்ள பழைய கணினிகளில் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. அதனால் நன்கொடையாளர்கள் புதுக் கணினி வாங்கித் தருகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் பழைய கணினி வெளியே போகும்போது அதோடு சேர்ந்து, கணினியில் போட்டுப் பாட்டுப் பழகும் இசைப் பாட வட்டுகளும் (சிடிக்களும்) போகின்றன. "போட்டுப் பார்த்தோம், திறக்கவில்லை, இனி எதற்கு?" என்ற பேச்சை ஒன்றுக்கு மேற்பட்ட கோவில்களில் கேட்டுவிட்டேன். திறக்காத வட்டுகளில் பெரும்பாலானவற்றைத் திறக்க முடியும். தயவுசெய்து அவற்றை எறியாதீர்கள்.

அந்த வட்டுகளில் அப்படி என்ன இருக்கிறது என்று இளையவர்கள் கேட்கலாம். வீட்டில் கிரியோலும் பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசும் பிள்ளைக்கு, தமிழில் ஒருவர் நிதானமாகப் பேசிச் சொல்லித்தரும் குரல் அதில் இருக்கிறது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று படிப்படியாகப் போகலாம். பிள்ளையின் குரலுக்கு ஏற்ற கட்டையில் சுருதியை வைத்துக்கொள்ளலாம். மாயாமாளவகௌளை ராகத்தின் ரிஷபத்தை, அதாவது 'ரி' ஸ்வரத்தை, மட்டும் தனியாக எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். வகுப்பு வாரத்துக்கு ஒருநாள்தான். மீதி நாட்களில் கூச்சமில்லாமல் தப்பும் தவறுமாகப் பாடிப் பழக ஒரு துணை வேண்டும். இணையத்தில் வரும் காணொளி அதன் போக்கில் ஓடுகிறது, பிள்ளைக்காக நிற்பதில்லை. கைப்பேசிச் செயலிகளில் நல்லவை உண்டு, நானே பயன்படுத்துகிறேன். ஆனால் ஆரம்பப் பாடத்தை ஆறு வயதுப் பிள்ளைக்குத் தமிழிலேயே விளக்கி, கைவிரலில் ஆதிதாளம் எண்ணிக் காட்டுகிற செயலி இன்னும் என் கண்ணில் படவில்லை.

சரி, இவை ஏன் திறப்பதில்லை? காரணம் ஒன்றல்ல, பல. எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

முதல் காரணம் வயது. விண்டோஸ் 3.1 காலத்து நிரல்கள் 16-பிட் வகை. 64-பிட் விண்டோஸ் எதிலும் அவை ஓடாது. விண்டோஸ் 10 வரை 32-பிட் பதிப்பு ஒன்றும் இருந்தது, அதில் ஓட வழியிருந்தது. விண்டோஸ் 11-க்கு அப்படி ஒரு பதிப்பே இல்லை. இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1990-களின் இறுதியில் வந்த பல வட்டுகளில் பாடம் 32-பிட்டில்தான் எழுதப்பட்டிருக்கும், அதை நிறுவித் தரும் செட்டப் கோப்பு மட்டும் 16-பிட்டாக இருக்கும். புதுக் கணினி மறுப்பது அந்தச் செட்டப்பைத்தான், பாடத்தை அல்ல. பாடம் ஏற்கெனவே நிறுவப்பட்ட நிலையில் பழைய கணினிக்குள் இருக்கிறது. அந்தக் கோப்புறையை அப்படியே நகலெடுத்துப் புதியதில் வைத்தால் பல பாடங்கள் உடனே ஓடும். திரை கறுப்பாக வந்தால் அந்த நிரல் கோப்பின் பண்புகளில் (Properties) உள்ள இணக்கப் பகுதிக்குப் (Compatibility) போய் 256 வண்ணம், 640-க்கு 480 அளவு என்று மாற்றிப் பார்க்கலாம். இதற்கெல்லாம் பழைய கணினி கையில் இருக்க வேண்டும். அதனால்தான் முதலில் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் பிறகு எங்களைக் கூப்பிடாதீர்கள் என்கிறேன்.

விண்டோஸுக்கும் முந்தைய டாஸ் காலத்துப் பாடங்களில் வேறொரு சிக்கல், இசைக்கு அது நேரடியாகவே ஆகாத சிக்கல். அவற்றில் சில, ஒரு அட்சரத்துக்கும் (தாள எண்ணிக்கைக்கும்) அடுத்ததற்கும் நடுவே உள்ள நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்து அளக்கவில்லை. கணினியை வெறும் சுற்றுச் சுற்றவிட்டு அளந்தன. அன்றைய கணினிக்கு அது சரியாக இருந்தது. இன்றைய கணினி அந்தச் சுற்றுகளைக் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும், தாளம் தலைதெறிக்க ஓடும். டர்போ பாஸ்கல் மொழியில் எழுதியவற்றில் பல அதுவரைகூட வருவதில்லை. ஏறக்குறைய 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய கணினியில் 'ரன்டைம் எரர் 200' என்று சொல்லித் தொடக்கத்திலேயே நின்றுவிடும். அதைப் பார்த்து வட்டு கெட்டுவிட்டது என்று நினைத்தவர்கள் எத்தனையோ பேர். வட்டில் கோளாறே இல்லை.

இதற்கு மருந்து டாஸ்பாக்ஸ். 2002-இலிருந்து கிடைக்கும் இலவச மென்பொருள் இது. புதுக் கணினிக்குள் ஒரு பழைய கணினியைப் போல நடிக்கும், எவ்வளவு வேகத்தில் நடிக்க வேண்டும் என்று நாமே சொல்லலாம். கன்ட்ரோல் விசையோடு எஃப் 11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப் 12 கூட்டும். ஆசிரியையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் கை போடும் தாளமும் திரையில் வரும் எட்டு எண்ணிக்கையும் ஒன்றாகும்வரை கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ஒத்துவந்த எண்ணை அமைப்புக் கோப்பில் எழுதிவைத்துவிட்டால் அடுத்த முறை தேட வேண்டாம். இந்த வேலைக்குக் கணினி தெரிந்தவர் மட்டும் போதாது, தாளம் தெரிந்தவரும் கூட இருந்தாக வேண்டும். முதல் காலம், அதாவது முதல் வேகம், சரியாக இருந்து மூன்றாம் காலத்தில் இடறுவதைக் கணினிக்காரர் கவனிக்கவே மாட்டார்.

அடுத்தது எழுத்துரு. நமக்கே உரிய தலைவலி இது, இதில்தான் இழப்பும் அதிகம். யூனிகோடு பரவும் முன் தமிழுக்குப் பல குறியேற்றங்கள், அதாவது எழுத்துகளைக் கணினிக்குள் குறிக்கும் முறைகள், இருந்தன. இணையத்தில் திஸ்கி புழங்கியது. இலங்கைத் தமிழரிடையே பாமினி பரவியிருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி தாம் (TAM), தாப் (TAB) என்ற இரண்டும் பரிந்துரைக்கப்பட்டன. இவை போதாதென்று நிறுவனங்கள் தாங்களே செய்துகொண்ட எழுத்துருக்களும் உண்டு. இவற்றில் தமிழ் எழுத்துகள் வேறு எழுத்துகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் சாகித்தியம் (பாட்டு வரிகள்) வர வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். ஸ்வர வரிசையும் அதே கதிதான். எங்கள் வகுப்புக்கு வந்த ஒரு வட்டை "உள்ளே தமிழே இல்லை" என்று சொல்லி ஒதுக்கி வைத்திருந்தார்கள். தமிழ் முழுதாக உள்ளேயே இருந்தது. எழுத்துருக் கோப்பு மட்டும் வட்டில் இல்லை. அது பழைய கணினியின் எழுத்துருக் கோப்புறையில் கிடந்தது, எடுத்துப் புதியதில் நிறுவியதும் எல்லாம் படிக்க வந்துவிட்டது.

யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் உண்டே என்பார்கள். வெறும் உரைக்கு அவை போதும். ஸ்வரக் குறிப்புக்கு அவற்றை அப்படியே நம்ப வேண்டாம். மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் மேலே புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி, இரண்டாம் காலத்துக்கு மேலே ஒரு கோடு, மூன்றாம் காலத்துக்கு இரண்டு கோடு என்று நாம் எழுதுகிறோம். தமிழிலோ மெய்யெழுத்துக்கும் மேலே புள்ளிதான். மாற்றும்போது ஸ்தாயிப் புள்ளி காணாமல் போகலாம், மெய்ப்புள்ளியாகவும் மாறிவிடலாம். மேல் ஸட்ஜம் மத்திய ஸட்ஜமாக இறங்கிவிட்டால் பிள்ளை அதைத்தான் பாடும். ஆகவே மாற்றிய ஒவ்வொரு வரியையும் பாட்டுத் தெரிந்த ஒருவர் பாடிப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அதுவரை பழைய எழுத்துருவும் பழைய கோப்பும் பத்திரமாக இருக்கட்டும்.

இன்னொன்று, பலரும் அறியாமல் இழப்பது. பல இசைப் பாட வட்டுகள் பாதி கணினி வட்டு, பாதி பாட்டு வட்டு. முதல் தடத்தில் நிரல் இருக்கும், மற்றத் தடங்களில் பாடகரின் குரல் சாதாரண ஒலிவட்டில் இருப்பதுபோலவே பதிவாகியிருக்கும். 'ஏழாம் தடத்தைப் பாடு' என்று நிரல் கட்டளையிடும், வட்டு பாடும். உள்ளே தெரியும் கோப்புகளை மட்டும் பென் டிரைவில் நகலெடுத்தால் குரல் வராது. ஐஎஸ்ஓ என்ற ஒற்றைக் கோப்பாக எடுத்தாலும் வராது, அதில் நிரல் தடம் மட்டும்தான் அடங்கும். 'பின்' (bin), 'க்யூ' (cue) என்ற இரட்டைக் கோப்பாக எடுக்க வேண்டும். இலவச மென்பொருளிலேயே இதைச் செய்யலாம். டாஸ்பாக்ஸ் அந்த க்யூ கோப்பை ஏற்றிக்கொண்டு ஒலித்தடத்தையும் ஒலிக்கும். டாஸ்பாக்ஸுக்குள் விண்டோஸ் 3.1-ஐயே நிறுவி ஓட்டவும் முடியும். வட்டைத் தூக்கிப் போடும் முன் நகலெடுத்தவர் பாட்டையும் கேட்டாரா என்று ஒருமுறை விசாரியுங்கள்.

மிடி (இசைக் கருவியும் கணினியும் ஸ்வரங்களைப் பரிமாறிக்கொள்ளும் முறை) விசைப்பலகை உள்ள வகுப்புகளுக்கு ஒரு வார்த்தை. மிடி ஒலி எந்தக் கருவிக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பக்கம் விண்டோஸ் விஸ்டாவிலிருந்து கன்ட்ரோல் பேனலில் இல்லை. அதனால் பாடம் ஓடும், சத்தம் வராது. அந்த வேலையைச் செய்யும் சிறு இலவசக் கருவிகள் உண்டு. ஃப்ளாஷில் செய்த பாடங்கள் 2021 ஜனவரியிலிருந்து உலாவிகளில் திறப்பதில்லை. கோப்பு நம்மிடம் இருந்தால் ரஃபிள் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்க்கலாம்.

ஆதரவு நின்ற விண்டோஸைப் பயன்படுத்துவது ஆபத்து என்று உங்கள் குழுவில் யாராவது சொல்வார்கள். அவர் சொல்வது சரிதான். ஆபத்து இணையத்தின் வழியாகவும், பென் டிரைவ் வழியாகவும் வரும். இந்தப் பாடங்களுக்கு இணையமே தேவையில்லை. நன்றாக ஓடும் பழைய கணினி ஒன்றைத் தேர்ந்து, இணையத்தைத் துண்டித்து, அதில் மின்னஞ்சல், கணக்குவழக்கு, உறுப்பினர் விவரம் எதையும் வைக்காமல் பாட்டுக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள். விசைப்பலகையில் தாளத்தோடு வாசித்துப் பழகும் பாடங்களுக்கு எப்படியும் அந்தக் கணினிதான் நல்லது. புதியதற்குள் பழையதை நடிக்கவைக்கும்போது, அடித்த விரலுக்கும் கேட்கும் ஒலிக்கும் நடுவே சிறு தாமதம் வரும். கேட்டு விடை சொல்லும் பாடத்தில் அது தெரியாது. தாளத்தில் உடனே தெரியும்.

பழையது எல்லாமே உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. மிடியில் செய்த கமகங்கள் (ஸ்வரத்தின் அசைவுகள்) சில கேட்கவே சகிக்காது. பன்னிரண்டு இடங்களில் அழுத்தமாக நின்று ஒலிக்கும் கருவிக் குரலைக் கேட்டுத் தோடி ராகம் பழகினால் அது தோடியாக இருக்காது. அப்படிப்பட்டவற்றை விட்டுவிடலாம். மனிதக் குரலும் தமிழ் விளக்கமும் உள்ளவற்றை விடக்கூடாது. எதை வைப்பது, எதை விடுவது என்பதைப் பாட்டு ஆசிரியர்கள் தீர்மானிக்கட்டும், பெட்டிகளை ஏற்றிச் செல்லும் வண்டிக்காரர் தீர்மானிக்க வேண்டாம்.

புதியதை வாங்கிவிட்டால் கவலையில்லை என்றும் நினைக்காதீர்கள். இசைக் குறிப்பு எழுத உலகெங்கும் புழங்கிய ஃபினாலே 35 ஆண்டுகளுக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் தன் வளர்ச்சியை நிறுத்துவதாக அறிவித்தது. உங்கள் வகுப்பில் யாராவது அதில் எழுதி வைத்திருந்தால், ஒவ்வொன்றையும் மியூசிக் எக்ஸ்எம்எல் (மற்ற இசை மென்பொருள்களிலும் திறக்கும் வடிவம்) ஆகவும் பிடிஎஃப் ஆகவும் இப்போதே சேமித்துவிடச் சொல்லுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். கணினியைக் கழிக்கும் முன் வட்டுகளோடு அதன் உறை, கையேடு, பதிவு எண் எழுதிய சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெட்டியில் வையுங்கள். பதிவு எண் இல்லாமல் பல பாடங்கள் கதவே திறக்காது. தயாரித்தவர்கள் இன்னும் இருந்தால், வகுப்புக்குள் நகல் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு உங்கள் கோவில் முத்திரையோடு ஒரு கடிதம் எழுதுங்கள். தனி ஆளாக நான் எழுதுவதைவிட நீங்கள் எழுதினால் பதில் வரும். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் கர்நாடக இசையும் தமிழும் இரண்டுமே கற்பிக்கப்படுகின்றன. அனுமதி கிடைத்த நகல்களை அங்கே ஓரிடத்தில் ஒப்படைக்க முடியுமா என்று நீங்கள் எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டும். இந்தத் தீவின் ஈரத்தில் வட்டுகள் நெடுநாள் தாங்காது, வீட்டுக் கணினியில் பதிவுசெய்த வட்டுகள் அதைவிடச் சீக்கிரம் போய்விடும்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில், தைப்பூசக் காவடி வேலைகள் தொடங்கும் முன், ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் வருகிறோம். வட்டு படிக்கும் கருவி, எழுத்துரு, டாஸ்பாக்ஸ் எல்லாம் எங்களிடம் இருக்கின்றன. கட்டணம் எதுவும் வேண்டாம். பாட்டு ஆசிரியர் ஒருவர் அந்த நேரம் எங்களோடு உட்கார வேண்டும். அப்புறம், வட்டுகள் இருக்கும் அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று முன்னதாகவே கேட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
அன்புடன்,
கோவில் இசை வகுப்பில் பயிலும் ஒரு பிள்ளையின் தாய்
மொரீஷியஸ்